கல்லாவுக்கு வரும் பணத்தை வகை பிரிப்பது எப்படி? புதிதாகக் கடை போடுகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஹார்டுவேர் கடை ஒன்றில் கணக்கு எழுத நான் சேர்ந்தபோது, எனக்கு முன்னால் இருந்தவர் விட்டுப்போன நோட்டில் வரவுப் பக்கம் ஏழு பத்தியாக இருந்தது: ரொக்கம், ஜிபே, போன்பே, பேடிஎம், கார்டு, செக், மற்றவை. பார்க்க ஒழுங்காக இருக்கிறதே என்று நானும் அப்படியே தொடர்ந்தேன். மாதக் கடைசியில் பேங்க் ஸ்டேட்மென்ட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு பத்திகூடப் பொருந்தவில்லை. கல்லா மேசையில் ஒட்டியிருந்த ஸ்கேனர் ஒன்றுதான். வாடிக்கையாளர் எந்த ஆப்பில் அதை ஸ்கேன் செய்தாலும் பணம் ஒரே கணக்குக்குத்தான் போய்ச் சேரும். அவர் போனில் இருந்த ஆப்பின் பெயரை ஒரு மாதம் முழுக்க நான் எழுதிவைத்ததில் யாருக்கும் பயனில்லை. எழுதியிருக்க வேண்டியதை எழுதவும் இல்லை. செக் எந்தத் தேதிக்கு உரியது, பாஸ் ஆயிற்றா இல்லையா என்று நோட்டில் எங்கேயும் குறிப்பு கிடையாது.

அதற்குப் பிறகு பணம் வரும் வழிகளைப் பெயரை வைத்துப் பிரிப்பதை விட்டுவிட்டேன். அந்தப் பணத்தின் குணம் என்ன என்று கேட்டுப் பிரிக்கிறேன். புதிதாகக் கடை திறக்கிறவர்களும், கடையில் கணக்குப் பார்க்கச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளும் முதல் மாதத்திலிருந்தே இப்படிச் செய்தால் பின்னால் நிறைய அலைச்சல் மிச்சமாகும். இங்கே சொல்லும் விதிகள் எல்லாம் இந்தியாவுக்கு உரியவை.

முதல் வேலை: ஒரு வாரம் அப்படியே எழுதுங்கள்

வகை பிரிப்பதற்கு முன்னால் என்னென்ன வருகிறது என்று தெரிய வேண்டும். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, ஒரு வாரத்துக்கு ஒவ்வொரு பில்லுக்கும் எதிரே வாடிக்கையாளர் எப்படிக் கொடுத்தார் என்று அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். ‘ஸ்கேன் பண்ணினார்’, ‘நம்பருக்கு அனுப்பினார்’, ‘கார்டு தேய்த்தார்’, ‘செக், வரும் திங்கள் போடச் சொன்னார்’, ‘பாதி ரொக்கம், பாதி ஜிபே’, ‘அப்புறம் தருகிறாராம்’, ‘போன வாரம் வாங்கிய குழாயைத் திருப்பிக் கொடுத்துக் கழித்துக்கொண்டார்’.

வாரக் கடைசியில் பட்டியலைப் பார்த்தால் பத்துப் பன்னிரண்டு விதம் இருக்கும். மளிகைக் கடையாக இருந்தால் சில்லறை ரொக்கமும் ஸ்கேனரும் அதிகம். எங்களைப்போல் கட்டுமானப் பொருள் விற்பவர்களுக்கு செக்கும் பாக்கியும் அதிகம். உங்கள் கடைக்கு எந்த வகை முக்கியம் என்பதை இந்த ஒரு வாரக் குறிப்பே சொல்லிவிடும். மற்றவர் கடைப் பட்டியலைக் கடன் வாங்க வேண்டியதில்லை.

முதல் கேள்வி: பணம் வந்துவிட்டதா, வரப்போகிறதா?

இந்தக் கேள்விதான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். பொருள் கடையை விட்டுப் போவதற்குள் இதற்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். நான் மூன்று கூடையாகப் பிரிக்கிறேன்: கைக்கு வந்தது, வழியில் இருப்பது, வாக்காக இருப்பது.

கைக்கு வந்தது என்றால் முதலில் ரொக்கம். எண்ணி வாங்கிக் கல்லாவில் போட்டதும் அந்த வியாபாரம் முடிந்தது. கள்ள நோட்டு வருமே என்ற பயம் மட்டும்தான் மிச்சம். 500 ரூபாய் நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும் பழக்கம் அதற்குப் போதும். ரொக்கத்தைப் பற்றி இன்னொன்று: நம் ஊர்களில் 10 ரூபாய் நாணயம் செல்லாது என்று சொல்லித் திருப்பித் தரும் கடைகள் உண்டு. ரிசர்வ் வங்கி பலமுறை சொல்லிவிட்டது, இதுவரை வெளியான வடிவங்கள் எல்லாமே செல்லும். பெரியவர் ஒருவர் அந்த நாணயத்தை நீட்டும்போது மறுக்காமல் வாங்குங்கள்.

அடுத்தது யுபிஐ. 2016 ஏப்ரலில் இது தொடங்கியது. தேசியப் பணப்பரிமாற்றக் கழகம் இதை நடத்துகிறது. அனுப்புபவர் பின் எண்ணைப் போட்ட சில நொடிகளில் பணம் அவர் வங்கியிலிருந்து பெறுபவர் வங்கிக்குப் போகிறது. உங்கள் சொந்த வங்கிக் கணக்கின் கியூஆர் என்றால் அது கைக்கு வந்த பணம். வணிகருக்கென்று ஆப் கம்பெனி கொடுத்த கியூஆராக இருந்தால் ஒரு சின்ன வித்தியாசம் உண்டு. சவுண்ட் பாக்ஸ் அப்போதே ‘பெறப்பட்டது’ என்று சொன்னாலும், பல ஏற்பாடுகளில் அன்றைய மொத்தப் பணமும் சேர்ந்து அன்று இரவோ மறுநாளோதான் உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். அப்படியானால் அது இரண்டாவது கூடை. உங்களுடையது எந்த வகை என்று கியூஆர் வாங்கும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நான் முதல் மாதம் ஸ்டேட்மென்ட்டில் ஒவ்வொரு பில்லாகத் தேடியும் கிடைக்காமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம். அங்கே நாளுக்கு ஒரே ஒரு மொத்தத் தொகைதான் வந்திருந்தது.

புதியவர்கள் அதிகம் ஏமாறுவது ஸ்கிரீன்ஷாட்டில்தான். வாடிக்கையாளர் தன் போனைத் திருப்பிப் பச்சை டிக்கைக் காட்டுகிறார் என்பதற்காகப் பணம் வந்துவிட்டது என்று ஆகாது. அது பழைய பணத்தின் படமாக இருக்கலாம், அதேபோல் தோன்றும் போலி ஆப்பாகவும் இருக்கலாம். பார்க்க வேண்டியது உங்கள் போனையும் உங்கள் சவுண்ட் பாக்ஸையும்தான். நெட்வொர்க் இல்லை என்றால் ஒரு நிமிடம் காத்திருக்கச் சொல்வதில் தவறே இல்லை. ‘கொஞ்சம் இருங்கண்ணா, இங்கே இன்னும் வரல’ என்று சிரித்த முகத்தோடு சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

சில நேரம் உண்மையாகவே வாடிக்கையாளர் கணக்கில் பணம் கழிந்திருக்கும், உங்களுக்கு வந்திருக்காது. அப்போது இரண்டு பேரும் சண்டை போட வேண்டாம். கடைக்குக் கட்டிய யுபிஐ பணம் இப்படி நடுவழியில் நின்றால், அந்த நாளுக்குப் பிறகு 5 நாட்களுக்குள் வங்கி தானாகவே திருப்பி வரவு வைக்க வேண்டும். தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் வீதம் வாடிக்கையாளருக்கு ஈடு தர வேண்டும். 2019இல் ரிசர்வ் வங்கி போட்ட விதி இது. இதை அவரிடம் எடுத்துச் சொல்லி, வேறு வழியில் பணம் வாங்கிக்கொள்ளுங்கள். ஆப்பில் தெரியும் 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணை இரண்டு பேரும் குறித்துவைத்துக்கொண்டால் பிற்பாடு பேச வசதி.

வழியில் இருப்பது என்ற இரண்டாவது கூடையில் கார்டு முதலிடம். ஸ்வைப் மெஷின் சீட்டைத் துப்பியதும் வங்கி ‘சரி’ என்று சொல்லிவிட்டது என்று பொருள். பணம் பெரும்பாலும் அடுத்த வேலை நாளில்தான் உங்கள் கணக்குக்கு வரும். அதன் பிறகும் ‘இந்தச் செலவை நான் செய்யவில்லை’ என்றோ ‘பொருள் சரியில்லை’ என்றோ கார்டு வைத்திருப்பவர் தன் வங்கியிடம் முறையிட்டால், அந்தத் தொகை வாரங்கள் கழித்தும் திரும்பிப் போகக்கூடும். அதனால் சீட்டின் நகலையும் பில்லையும் சேர்த்துக் குத்தி, மாத வாரியாக ஒரு கவரில் போட்டு வையுங்கள். 5,000 ரூபாய் வரை பின் எண் இல்லாமல் மெஷினில் தொட்டாலே போதும் என்ற வசதி இருப்பதால், தொகையை அடிக்கும்போது ஒரு சைபர் கூடிவிடாமல் வாடிக்கையாளரிடம் திரையைக் காட்டிவிட்டுத் தொடச் சொல்லுங்கள்.

கணக்குக்கு நேரடியாக அனுப்பும் பணத்தில் மூன்று பாதை உண்டு. மூன்றும் ஒன்றுதான் என்று பலர் நினைக்கிறார்கள். நெஃப்ட் முறையில் பணம் அரைமணிக்கு ஒரு தொகுப்பாகப் போகும். பஸ் ஸ்டாண்டில் நேரத்துக்குக் கிளம்பும் பஸ் மாதிரி. 2019 டிசம்பர் முதல் இரவு பகல், ஞாயிறு, விடுமுறை என்று பார்க்காமல் ஓடுகிறது. ஆர்டிஜிஎஸ் 2 லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் அனுப்புவதற்கு. ஒவ்வொன்றும் தனித்தனியாக உடனே போய்விடும், தனி கார் பிடித்துப் போவதுபோல். இதுவும் 2020 டிசம்பரிலிருந்து 24 மணி நேரமும் உண்டு. ஐஎம்பிஎஸ் 2010இலிருந்து இருக்கிறது, 5 லட்சம் வரை, சில நொடிகளில். ஆக, ஒரு கான்ட்ராக்டர் ‘நெஃப்ட் போட்டுட்டேன்’ என்று சொன்னால் அரைமணி, ஒரு மணி பொறுத்திருப்பது நியாயம். ‘ஐஎம்பிஎஸ் போட்டேன்’ என்று சொல்லிப் பத்து நிமிடம் ஆகியும் வரவில்லை என்றால் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். பணம் போன அடையாளத்துக்கு யுடிஆர் எண் கேளுங்கள். நெஃப்டுக்கு அது 16 எழுத்து, ஆர்டிஜிஎஸ்ஸுக்கு 22. அதையும் ஸ்டேட்மென்ட்டோடு ஒத்துப் பார்த்த பிறகுதான் ‘வந்தது’ என்று எழுத வேண்டும்.

மூன்றாவது கூடை வாக்கு. இங்கே இருப்பது செக்.

செக்கைக் கையில் வாங்கினால் பணம் வாங்கியதுபோல் ஒரு திருப்தி வரும். அந்தத் திருப்தியை நம்பக் கூடாது. ஒரு சனிக்கிழமை மாலை, பழக்கமான கான்ட்ராக்டர் ஒருவர் 84,000 ரூபாய்க்குக் குழாயும் இணைப்புகளும் எடுத்துக்கொண்டு செக் கொடுத்தார். நான் பேரேட்டில் அவர் பெயரில் வரவு வைத்து, பாக்கி இல்லை என்று கோடு போட்டுவிட்டேன். அடுத்த வாரம் அதே தைரியத்தில் இன்னும் 30,000 ரூபாய்ச் சரக்கு கடனுக்குப் போயிற்று. அதற்கு மறுநாள் செக் ரிட்டர்ன். கணக்கில் பணம் போதவில்லை. அவர் மோசமான மனிதர் கிடையாது, அவருக்கு வர வேண்டிய பில் தள்ளிப்போயிருந்தது. மூன்று மாதம் ஆயிற்று முழுதும் வசூலாக. தவறு என் நோட்டில்தான் இருந்தது. ‘செக் வாங்கியது’ என்று ஒரு தனி இடத்தில் எழுதி, பாஸ் ஆன பிறகு வரவு வைத்திருந்தால் அந்த 30,000 கடனைக் கொடுப்பதற்கு முன் முதலாளி ஒருமுறை யோசித்திருப்பார்.

செக் வாங்கும்போது பார்க்க வேண்டியவை: தேதி, எண்ணாலும் எழுத்தாலும் எழுதிய தொகை, கையெழுத்து, மேல் மூலையில் ‘அக்கவுண்ட் பேயீ’ என்ற இரட்டைக் கோடு. தேதியிலிருந்து 3 மாதம்தான் செல்லும். முன்பெல்லாம் போட்டு இரண்டு நாள் காத்திருக்க வேண்டும். 2025 அக்டோபரிலிருந்து, காலையில் வங்கியில் கொடுத்த செக் பாஸ் ஆகுமா என்பது அன்று மாலைக்குள் தெரிந்துவிடும்படி ரிசர்வ் வங்கி முறையை மாற்றியிருக்கிறது. அதனால் காலையிலேயே கொண்டுபோய்ப் போட்டுவிடுங்கள்.

பணம் இல்லாமல் திரும்பினால் 1881ஆம் ஆண்டின் செலாவணி முறிச் சட்டம், 138ஆம் பிரிவு உங்களுக்குத் துணை. வங்கியின் ரிட்டர்ன் மெமோ கைக்கு வந்த 30 நாட்களுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது கிடைத்த 15 நாட்களுக்குள் அவர் பணம் தரவில்லை என்றால் அடுத்த ஒரு மாதத்துக்குள் வழக்குத் தொடரலாம். அந்த 30 நாளை நழுவவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். ‘நம்ம ஆள்தானே, கேட்டுக்கலாம்’ என்று பொறுத்திருந்து கடைசியில் வக்கீலிடம் போனால், நாள் கடந்துவிட்டது என்று அவர் கையை விரிப்பார். பழக்கத்தைக் கெடுத்துக்கொள்ள விருப்பம் இல்லாவிட்டாலும் மெமோ வந்த தேதியை மட்டுமாவது காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள்.

டிமாண்ட் டிராஃப்ட் செக்கைவிட உறுதியானது, ஏனென்றால் எடுக்கும்போதே வங்கி பணத்தை வாங்கிக்கொள்கிறது. இப்போது கடைகளில் இது அபூர்வம், அரசு டெண்டரிலும் கல்லூரிக் கட்டணத்திலும்தான் கண்ணில் படும்.

இரண்டாவது கேள்வி: இது யாருடைய பணம், உங்களுக்கு என்ன செலவு?

வாடிக்கையாளர் தன் கணக்கில் இருக்கும் பணத்தைத் தருகிறாரா, முன்கூட்டியே நிரப்பிவைத்ததிலிருந்து தருகிறாரா, வங்கியிடம் கடன் வாங்கித் தருகிறாரா? அவருக்கு மூன்றும் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் உங்கள் லாபத்தில் வித்தியாசம் விழுவது இங்கேதான்.

சொந்தக் கணக்கிலிருந்து வரும் யுபிஐக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் கடைக்காரர் கட்டணம் எதுவும் கட்ட வேண்டியதில்லை. 2020 ஜனவரி முதல் இப்படித்தான். மற்ற டெபிட் கார்டுகளுக்கு ரிசர்வ் வங்கி ஒரு உச்சவரம்பு வைத்திருக்கிறது: ஆண்டு விற்பனை 20 லட்சம் வரை உள்ள கடைக்கு 0.40 சதவீதம், அதற்கு மேல் 0.90 சதவீதம். கிரெடிட் கார்டுக்கு அப்படி வரம்பு இல்லை. நீங்கள் வங்கியோடு போட்ட ஒப்பந்தம்தான் கணக்கு. உதாரணமாக, 2 சதவீதம் என்று பேசியிருந்தால் 10,000 ரூபாய் பில்லில் 200 ரூபாய் பிடிப்பார்கள், அந்த 200க்கு 18 சதவீத ஜிஎஸ்டி 36 ரூபாய். உங்கள் கைக்கு வருவது 9,764. சிமென்டு மாதிரி குறைந்த லாபத்தில் விற்கும் பொருளில் இது பெரிய தொகை. பெயின்டில் அவ்வளவு உறைக்காது.

இங்கே ஒரு குழப்பம் வரும். ரூபே கிரெடிட் கார்டை யுபிஐயோடு இணைத்துக்கொள்ளும் வசதி 2022இல் வந்தது. வாடிக்கையாளர் வழக்கம்போல ஸ்கேன் செய்வார், நீங்களும் யுபிஐ என்று எழுதுவீர்கள், ஆனால் பின்னால் ஓடுவது கிரெடிட் கார்டு. சிறு வணிகர்களுக்கு 2,000 ரூபாய் வரை கட்டணம் இல்லை. அதற்கு மேலான தொகைக்குக் கட்டணம் பிடிக்கப்படும். யுபிஐ வரவில் தொகை குறைந்து வந்திருக்கிறதே என்று ஒருநாள் நீங்கள் திகைத்தால் முதலில் இதைப் பாருங்கள். ஒரே ஸ்கேனர், ஒரே சத்தம், ஆனால் வகை வேறு. ஆப்பின் பெயரை வைத்துப் பிரிக்காதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

வாலட், பரிசு அட்டை, கம்பெனி தரும் சாப்பாட்டுக் கூப்பன் எல்லாம் முன்கூட்டியே நிரப்பிய பணம். ஹோட்டல், பேக்கரி வைத்திருப்பவர்களுக்குத்தான் இவை அதிகம் வரும். கூப்பன் பணத்தை அந்தக் கம்பெனி எத்தனை நாளில், எவ்வளவு பிடித்துக்கொண்டு தரும் என்பதைச் சேரும்போதே எழுத்தில் வாங்குங்கள்.

மூன்றாவது கேள்வி: அனுப்புகிறாரா, எடுக்கிறார்களா?

பணம் நகரும் விதம் இரண்டுதான். வைத்திருப்பவர் தானே தள்ளிவிடுவது ஒன்று. பெறுபவர் இழுத்துக்கொள்வது மற்றொன்று. ஸ்கேன், நெஃப்ட், ஐஎம்பிஎஸ் எல்லாம் தள்ளுவது. செக், கார்டு, மாதாமாதம் தவணை தானாகக் கழியும் நாச் ஏற்பாடு, ஓடிடி சந்தாவுக்கு வைக்கும் ஆட்டோபே எல்லாம் இழுப்பது. கடைக்கு வரும் பணத்தைவிடக் கடையிலிருந்து போகும் பணத்துக்கு இந்தப் பிரிவு அதிகம் உதவும். வேன் தவணை எந்தத் தேதியில் இழுக்கப்படுகிறது என்று தெரிந்தால் அதற்கு முந்தைய நாள் கணக்கில் பணம் வைக்கலாம். இல்லாவிட்டால் நீங்களும் அந்தக் கான்ட்ராக்டர் இடத்தில் நிற்க வேண்டி வரும்.

மோசடியைக் கண்டுபிடிக்கவும் இதுவே எளிய வழி. உங்களுக்குப் பணம் வர வேண்டும் என்றால் உங்கள் பின் எண் தேவையே இல்லை. ‘நான் ராணுவத்தில் இருக்கிறேன், மொத்தமாகச் சரக்கு வேண்டும், அட்வான்ஸ் அனுப்புகிறேன், இந்த கியூஆரை ஸ்கேன் செய்து பின் போடுங்கள்’ என்று போன் வந்தால் அவர் பணம் அனுப்பப்போவதில்லை. உங்கள் கையாலேயே உங்கள் பணத்தைத் தள்ளவைக்கப் பார்க்கிறார். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே 1930க்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு தூரம் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு. கல்லாவில் உட்காரும் பையனுக்கும் பொண்ணுக்கும் முதல் நாளே இதைச் சொல்லிக்கொடுங்கள்.

நான்காவது கேள்வி: வருமான வரிக்கு இது ரொக்கமா, இல்லையா?

வரி ஆபீஸ் கண்ணுக்கு உங்கள் வரவு எல்லாம் இரண்டே வகை. ஒன்று ரொக்கம். மற்றது வங்கி வழி வந்தது. இந்தப் பிரிவைத் தினமும் எழுதிவைத்தவருக்கு மார்ச் மாதம் நிம்மதியாக இருக்கும்.

சிறு வணிகர்கள் முழுக் கணக்கு வைக்காமல் விற்பனையில் ஒரு சதவீதத்தை லாபமாகக் காட்டி வரி கட்டும் முறை இருக்கிறது. அதில் ரொக்கமாக வந்த விற்பனைக்கு 8 சதவீதம், வங்கி வழியாக வந்ததற்கு 6 சதவீதம் லாபம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். 60 லட்சம் விற்பனை முழுதும் ரொக்கம் என்றால் 4,80,000 ரூபாய் லாபம், முழுதும் வங்கி வழி என்றால் 3,60,000. வகை பிரித்து எழுதாவிட்டால் எது எவ்வளவு என்று ஆடிட்டரிடம் காட்ட உங்களிடம் ஒன்றும் இருக்காது. இந்த முறைக்கு விற்பனை வரம்பு 2 கோடி. மொத்த வரவில் ரொக்கம் 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் 3 கோடி. அந்த 5 சதவீதத்தைக் கணக்கிடும்போது ‘அக்கவுண்ட் பேயீ’ கோடு இல்லாத செக்கும் ரொக்கமாகவே எண்ணப்படும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. செக்கில் அந்த இரண்டு கோட்டைப் பார்க்கச் சொன்னது இதற்காகவும்தான்.

மூன்று எண்களைக் கல்லாவுக்கு மேலே எழுதி ஒட்டிவிடலாம். ஒருவரிடமிருந்து ஒரே நாளில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. ஒரே பில்லை நாலு நாளாகப் பிரித்து வாங்கினாலும் இது பொருந்தும், அபராதம் வாங்கிய தொகை முழுதும், அதுவும் வாங்கியவருக்கு. ஒரு ஆளுக்கு ஒரு நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகச் செலவு கொடுத்தால் அதைச் செலவாக ஏற்கமாட்டார்கள். லாரி வாடகைக்கு மட்டும் 35,000 வரை விடுகிறார்கள். கைமாற்றாக 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கத்தில் வாங்கக் கூடாது. மச்சான் கொடுத்தாலும் கணக்கு வழியாகவே வாங்குங்கள்.

பணம்போலத் தோன்றும், ஆனால் பணம் ஆகாது

ஒரு வாரக் குறிப்பில் மிச்சம் இருப்பவற்றை இப்போது எடுங்கள். ‘அப்புறம் தருகிறேன்’ என்பது பணம் செலுத்தும் முறை ஆகாது. அது கடன், அந்த ஆளின் பெயரில் தனி ஏடு வேண்டும். விற்பனை இன்று நடந்தது, பணம் என்று வருகிறதோ அன்று வரவு. இரண்டையும் ஒரே வரியில் எழுதினால் பழைய பாக்கி வசூலான நாளில் அதே விற்பனை இரண்டாம் முறையும் ஏறிவிடும்.

அட்வான்ஸ் இதற்கு நேர் எதிர். பணம் வந்துவிட்டது, விற்பனை இன்னும் நடக்கவில்லை. அது வாடிக்கையாளருக்கு நீங்கள் பட்டிருக்கும் கடன். பொருள் திரும்பி வந்தால் விற்பனையைக் குறைக்க வேண்டும், செலவாக எழுதக் கூடாது. பழைய மோட்டாரை வாங்கிக்கொண்டு புதியது கொடுக்கிறீர்கள் என்றால் அது ஒரு கொள்முதல், ஒரு விற்பனை என்று இரண்டாக எழுதுவதுதான் சரி. தள்ளுபடி எந்த வகையிலும் பணம் கிடையாது, பில்லிலேயே கழித்துவிடுங்கள்.

கடைசி வேலை: நோட்டில் பத்தி போடுவது

இவ்வளவையும் வைத்து வரவுப் பக்கத்தில் ஐந்து பத்தி போதும்: ரொக்கம், யுபிஐயும் நேரடி வங்கிப் பணமும், கார்டு, கையில் உள்ள செக், பாக்கி. கார்டுக்கும் செக்குக்கும் பக்கத்தில் ‘வங்கியில் வந்த தேதி’ என்று ஒரு சின்னக் கட்டம். அது காலியாக இருக்கும்வரை அந்தப் பணம் உங்களுடையது இல்லை. டேலி என்ற கணக்கு மென்பொருளில் எழுதுபவர்கள் கார்டுக்கும் கியூஆருக்கும் தனித்தனி லெட்ஜர் போட்டு, வங்கியில் வந்ததும் மாற்றிக்கொள்ளலாம். பிடித்த கட்டணத்தை வங்கிச் செலவில் எழுதுங்கள். கல்லாப் பணத்தை வங்கியில் கட்டுவது செலவும் இல்லை, வருமானமும் இல்லை. உங்கள் பணமே ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாறுகிறது, அதற்குப் பெயர் கான்ட்ரா என்ட்ரி.

கடை சாத்தும்போது எப்படிப் பார்ப்பது என்று ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். அன்றைய விற்பனை 48,600. ரொக்கம் 14,250, யுபிஐ 21,900, கார்டு 6,450, பாக்கி 6,000. நான்கையும் கூட்டினால் 48,600 வர வேண்டும். வராவிட்டால் வீட்டுக்குப் போகாதீர்கள். மறுநாள் காலை யாருக்கும் ஞாபகம் இருக்காது. அப்புறம் கல்லா. காலையில் வைத்த சில்லறை 2,000, இன்றைய ரொக்கம் 14,250, பழைய பாக்கி ரொக்கமாக வசூலானது 1,500. அதில் டீ, கூலி, ஆட்டோ என்று போனது 850, மதியம் வங்கியில் கட்டியது 10,000. கல்லாவில் 6,900 இருக்க வேண்டும். 6,850 இருந்தால் அந்த 50 ரூபாயை உங்கள் பையிலிருந்து போட்டுச் சரிக்கட்ட வேண்டாம். ‘குறைவு 50’ என்று எழுதுங்கள். அந்தக் குறைவு வாரத்தில் எந்தக் கிழமை, யார் கல்லாவில் இருக்கும்போது வருகிறது என்று ஒரு மாதத்தில் நோட்டே காட்டிவிடும். எங்கள் கடையில் அது வெள்ளிக்கிழமை பூக்காரம்மாவுக்குக் கொடுத்து எழுத மறந்த பணமாக இருந்தது.